எழுகாற்றும் எதிர்வரும் ஊர்தியும்

சித்திரை வெயில் உச்சிக்கு ஏறும் வேளையில், திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட நிலம் ஒரே சீராகச் சூடேறுவதில்லை. செம்பரம்பாக்கம், பிள்ளைப்பாக்கம், தென்னேரி ஆகிய ஏரிகளின் நீர்ப்பரப்பு மெல்லவே வெப்பம் கொள்கிறது. அவற்றுக்கு அருகிலேயே இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் ஆகிய தொழிற்பேட்டைகளில் விரிந்து கிடக்கும் தார்ச்சாலைகளும், கற்காரை முற்றங்களும், மரமில்லாத் தரிசுகளும் விரைந்து கொதிக்கின்றன. கொதிக்கும் தரையைத் தொட்டு நிற்கும் காற்று விரிந்து, அடர்த்தி குறைந்து, சூழ உள்ள காற்றைவிட இலேசாகிறது. ஒரு கட்டத்தில் தரையின் பிடியிலிருந்து விடுபட்டு மேலெழுகிறது. பகற்பொழுதில் இந்நிலப்பரப்பின் மேல் இத்தகைய எழுகாற்றுத் தூண்கள் பல தோன்றுகின்றன. சிறிது நேரம் நின்று, காற்றின் போக்கில் சாய்ந்து, ஓய்கின்றன. பின்னர் வேறோரிடத்தில் எழுகின்றன.

மேலேறும் காற்று ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் ஏறத்தாழ 9.8 பாகை செல்சியசு வீதம் குளிர்கிறது. அதில் கலந்துள்ள நீராவி துளிகளாகத் திரளும் உயரத்தை எளிய கணக்கொன்றால் அறியலாம். தரையின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு பாகைக்கும் 125 மீட்டர் கொள்ளவேண்டும். வெப்பநிலை 36 பாகை, பனிநிலை 24 பாகை எனில், 12 பாகை வேறுபாட்டுக்கு 1500 மீட்டர். அவ்வுயரத்தில்தான் அடி தட்டையாகவும் முடி குவிந்தும் தோன்றும் திரள்முகில் உருவாகிறது. முகிலின் அடி தட்டையாக இருப்பது, எழுகாற்றின் நீராவி எங்கும் ஒரே உயரத்தில் நீராகத் தொடங்குகிறது என்பதற்குச் சான்று. கரும்பருந்தும் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் இத்தூண்களுக்குள் வட்டமிட்டுச் சிறகடிக்காமலே உயர்கின்றன. கிளைடர் என்று பலரும் வழங்கும் சறுக்கு வானூர்தியும் அவ்வாறே உயர்கிறது.

சறுக்கு வானூர்திக்குப் பொறி கிடையாது. அசைவற்ற காற்றில் அது நொடிக்கு ஏறத்தாழ 0.6 முதல் 1 மீட்டர் வரை இறங்கிக்கொண்டே இருக்கும். அதைச் சுற்றியுள்ள காற்று நொடிக்கு 3 மீட்டர் எழுந்தால், மிஞ்சுவது அதன் ஏற்றம். உச்சியை எட்டியதும் தூணைவிட்டு வெளியேறி, உயரத்தைத் தொலைவாக மாற்றிக்கொண்டு அடுத்த தூணைத் தேடிச் செல்லும். சறுக்கு விகிதம் 40 உடைய ஊர்தி, 1000 மீட்டர் உயரத்தை இழந்து 40 கிலோமீட்டர் கடக்கும். ஆகவே அதன் வானோடி வானில் கோடு கிழித்துச் செல்வதில்லை. எங்கே காற்று எழுகிறதோ அங்கே வட்டமிடுகிறார். எங்கே அமிழ்கிறதோ அங்கிருந்து விரைந்து விலகுகிறார். அவருடைய வழி வெயிலும் நிலமும் கூடி வகுக்கும் வழி.

சறுக்கு ஊர்திகள் பறக்கும் வான்வெளியின் அருகே பொறி வானூர்தியைச் செலுத்தவிருப்பவர் இதை முதலில் உணரவேண்டும். சறுக்கு ஊர்திகளைக் கண்ணாற்கண்டு விலகிக்கொள்ளலாம் என்று நம்பிப் புறப்படுவது பிழை. விலகல் தரையிலேயே, வரைபடத்தின் முன்னமர்ந்து செய்து முடிக்கவேண்டிய வேலை என்பது என் உறுதியான கருத்து.

கண்ணின் திறனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 100 நாட் விரைவில் செல்லும் சிறு பொறி வானூர்தியும் 60 நாட் விரைவில் வரும் சறுக்கு வானூர்தியும் நேருக்கு நேர் வருகின்றன எனக் கொள்வோம். நெருங்கும் விரைவு 160 நாட், அதாவது நொடிக்கு 82 மீட்டர். எதிரில் ஒன்று வருவதைக் கண்டு, அஃது இன்னதெனத் தெளிந்து, மோதக்கூடும் என முடிவுசெய்து, கையை அசைத்து, ஊர்தி அதற்கிணங்கித் திரும்புவதற்கு மொத்தம் 12.5 நொடி வேண்டும் என்பது அமெரிக்க வான்போக்குவரத்து ஆணையம் வானோடிகளுக்கு வழங்கியுள்ள அளவு. அந்த 12.5 நொடிக்குள் இருவருக்கும் இடையிலான தொலைவில் 1030 மீட்டர் கரைந்துபோகும். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலேயே கண்டாகவேண்டும். அத்தொலைவில் சறுக்கு வானூர்தி எப்படித் தெரியும்? முன்னிருந்து நோக்கினால் அதன் உடற்பகுதியின் அகலம் முக்கால் மீட்டரைச் சற்றே தாண்டும். அது பாகையின் அறுபதில் ஒரு கூறான கலையளவில் மூன்றுகூட இல்லை. நலமான மனிதக் கண்ணின் பிரித்தறியும் எல்லை ஒரு கலை. சிறகுகள் 15 மீட்டர் விரிந்திருந்தாலும், முன்னிருந்து பார்ப்பவருக்கு அவற்றின் தடிமன் மட்டுமே தெரியும். வெண்முகிலின் முன் வெண்ணிற ஊர்தி. அதன் விளிம்பு வெறும் கீற்று.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. இரு ஊர்திகள் நேர்ப்பாதையில் மோதலை நோக்கிச் செல்கையில், ஒருவர் கண்ணாடியில் மற்றவர் ஊர்தி நகர்வதே இல்லை. ஒரே புள்ளியில் நின்று, நெடுநேரம் சிறுத்தே இருந்து, கடைசிச் சில நொடிகளில் திடீரெனப் பெருக்கும். நம் கண்ணோ அசைவைத் தேடிப் பழகியது. அசையாப் புள்ளியை மூளை பொருட்படுத்துவதில்லை. ஊர்தியின் முகப்புச் சட்டத்துக்குப் பின்னே அப்புள்ளி மறைந்துவிட்டால் இறுதிவரை மறைந்தே இருக்கும்.

வட்டமிடும் சறுக்கு ஊர்தி சற்று எளிதாகத் தெரியும் என்பர். அது பாதி உண்மை. நொடிக்கு 25 மீட்டர் விரைவில் 40 பாகை சாய்ந்து திரும்பும் ஊர்தியின் வட்ட ஆரம் ஏறத்தாழ 76 மீட்டர். ஒரு சுற்றுக்கு 19 நொடி. அச்சுற்றில் சில நொடிகள் சிறகின் முழுப்பரப்பும் வெயிலில் பளிச்சிடும். சில நொடிகள் விளிம்பு மட்டுமே நம் பக்கம் திரும்பி, ஊர்தி இல்லாததுபோல் ஆகிவிடும். வானோடி அப்பக்கம் ஒருமுறை நோக்கிவிட்டு வேறு திசைக்குக் கண்ணைத் திருப்பும் வேளை அந்த மறைவு வேளையாக அமைந்துவிட்டால், எஞ்சியிருப்பது அடுத்த நோக்கு மட்டும். 12.5 நொடிக் கணக்கு அதற்கு இடந்தருமா என்பது வேறு கேள்வி.

2006 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இத்தகைய மோதலொன்று நேர்ந்தது. ரீனோ நகரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த ஆக்கர் 800 வகைத் தாரை வானூர்தி, ஏறத்தாழ 16,000 அடி உயரத்தில் ஒரு சறுக்கு வானூர்தியுடன் மோதியது. சறுக்கு வானோடி வான்குடையால் உயிர்பிழைத்தார். சிதைந்த முகப்புடன் தாரை வானூர்தி கார்சன் நகரில் தரையிறங்கியது. அதிலிருந்த ஐவரும் தப்பினர். சறுக்கு ஊர்தியில் இருப்பிடத்தை அறிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவி இருந்தது. ஆனால் மின்கலத்தைச் சேமிக்க அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆகவே தரைக்கட்டுப்பாட்டு நிலையத்தின் திரையிலும் அதன் இருப்பிடம் தெரியவில்லை. தாரை வானூர்தியின் மோதல் எச்சரிக்கைக் கருவியும் வாய்திறக்கவில்லை. பின்னர் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், சறுக்கு ஊர்திகளுக்கு டிரான்ஸ்பாண்டரில் அளிக்கப்பட்டிருந்த விலக்கை நீக்குமாறு பரிந்துரைத்தது. 2004 அளவில் சுவிட்சர்லாந்தில் உருவான பிளார்ம் என்னும் சிறு கருவி, தன் இருப்பிடத்தையும் அடுத்த சில நொடிகளின் வழியையும் வானலையில் அறிவித்து, அருகிலுள்ள மற்றொரு பிளார்முக்கு எச்சரிக்கை தருகிறது. ஐரோப்பியச் சறுக்கு வானோடிகளிடையே அது பெரிதும் பரவிவிட்டது. ஆனால் அக்கருவி இல்லாத பொறி வானூர்திக்கு அதனால் யாதொரு பயனுமில்லை.

இந்தியாவில் இச்சிக்கல் மெய்யாகவே நிலவும் இடம் புனேக்கு அருகிலுள்ள அடப்சர். நடுவண் அரசின் சறுக்கு வானூர்தி மையம் 1950களில் அங்கே தொடங்கப்பட்டது. அதற்கு வடக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் லோகேகாவ் விமானப்படைத் தளம். அதே ஓடுபாதையில்தான் புனேயின் பயணியர் வானூர்திகளும் இறங்குகின்றன. ஒரே வானத்தில் போர்த்தாரை ஊர்தி, பயணியர் ஊர்தி, பொறியே இல்லாத ஊர்தி. கட்டுப்பாட்டு நிலையத்தின் இசைவும் வரையறுத்த எல்லையும் இன்றி அங்கே ஒருநாளும் சறுக்கு ஊர்தியை மேலேற்ற இயலாது. அந்த ஒழுங்குதான் அடப்சரைக் காத்துவந்துள்ளது.

அடப்சரிலிருந்து எழுந்த ஊர்திகளில் சிலவற்றின் பெயர்களை இங்கே சொல்லியாகவேண்டும். குடிசார் வானூர்தித் துறையின் தொழில்நுட்ப மையம் வடிவமைத்த சறுக்கு வானூர்திகளுக்கு விண்மீன்களின் பெயர்களே சூட்டப்பட்டன: அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீரிடம், ஆர்த்ரா எனும் திருவாதிரை. 1961இல் முதன்முதலாகப் பறந்த ரோகிணி, இருவர் அருகருகே அமரும் மர ஊர்தி. அதை வடிவமைத்தவர் எஸ். இராமாமிர்தம். கார்த்திக் 1963இல் பறந்தது. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் கான்பூர்ப் பணிமனையில் உருவாகி நாடெங்கும் பயிற்சிக்குச் சென்ற ரோகிணியில் அமர்ந்தே ஒரு தலைமுறை காற்றின் இயல்பைக் கைவழியாகக் கற்றது. நம் மாணவர்கள் இவ்வூர்திகளைப் பற்றி ஒரு வரியும் படிக்காமல் வானூர்திப் பொறியியலில் பட்டம் பெறுவது எனக்கு வருத்தந் தருகிறது.

அடப்சரில் ஊர்தியை மேலேற்றுவது வின்ச் எனும் இழுவைப் பொறி. ஓடுபாதையின் மறுமுனையில் நின்று, நெடிய வடத்தை உருளையில் சுற்றி இழுக்கும். ஊர்தி சில மீட்டர் உருண்டு, எழும்பி, 40 பாகைக்கும் மேல் மூக்கை நிமிர்த்திச் செங்குத்தாகப் போவதுபோல் ஏறும். ஏறத்தாழ 1000 மீட்டர் வடம் இருந்தால் 300 முதல் 450 மீட்டர் உயரம்வரை கொண்டு சேர்க்கும். நேரமோ முக்கால் நிமிடத்துக்கும் குறைவு. இப்பொழுது பொறி வானோடியின் நிலையை எண்ணிப்பாருங்கள். அவர் 350 மீட்டர் உயரத்தில் அத்திடலை நோக்கி வருகிறார். 2 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பார்க்கையில் வான் வெறுமையாக உள்ளது. ஊர்திகள் தரையில் நிற்கின்றன. 100 நாட் விரைவில் அந்த 2 கிலோமீட்டரைக் கடக்க அவருக்கு 39 நொடி ஆகும். அதற்குள் தரையில் நின்ற ஊர்தி அவர் உயரத்துக்கு வந்துவிடும். மேலே ஏறும் ஊர்தியின் வானோடிக்கு அவ்வேளையில் எதிரே தெரிவது வானம் மட்டும். முன்னால் கீழே ஒன்றும் காண இயலாது.

வடத்தின் இடர் தனி. சில மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு வடம் பின்னணியில் மண்ணும் மரமும் இருக்கையில் கண்ணுக்குப் புலப்படுவதே இல்லை. அதில் சிக்கும் சிறு வானூர்தியின் சிறகு அறுபடும். ஊர்தி வடத்தை விடுவித்த பின்னும் வடம் உடனே தரைக்கு வந்துவிடாது. சிறு குடையொன்றில் தொங்கி மெல்ல இறங்கும். இதனாலேயே இங்கிலாந்தின் வான்வழிப் படங்களில், வடத்தால் ஊர்தி ஏற்றும் ஒவ்வொரு சறுக்குத் திடலுக்கும் பக்கத்தில் வடம் எட்டக்கூடிய பெரும உயரம் அச்சிடப்படுகிறது. சில திடல்களில் அது 3000 அடிவரை செல்லும். அவ்வெண்ணுக்குக் கீழே திடலின் மேல் பறப்பது தற்கொலைக்கு நிகர். திடலின் மேல் பறக்காமலே பக்கவாட்டில் விலகிச் செல்வது அதனினும் நன்று.

சட்டம் யார் பக்கம் என்பதில் ஐயமில்லை. 1944ஆம் ஆண்டுச் சிகாகோ ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பு, பொறி வானூர்தி வான்கப்பலுக்கும் சறுக்கு வானூர்திக்கும் வான்கூண்டுக்கும் வழிவிடவேண்டும் என்கிறது. அடிப்படை எளிது: தன் வழியைத் தானே தேர்ந்துகொள்ளும் ஆற்றல் மிக்கவர், அவ்வாற்றல் குறைந்தவருக்கு ஒதுங்கவேண்டும். தரையிறங்கும் சறுக்கு ஊர்தியால் மீண்டும் எழும்பிச் சுற்றிவர இயலாது. அதற்கு ஒரே வாய்ப்பு. ஆயினும் வழிவிடும் கடமை, எதிரில் இருப்பவரைக் கண்டவருக்கே பயன்படும். காணாதவர் எவ்வளவு நேர்மையாளராயினும் வழிவிட முடியாது.

ஆகவே புறப்படுமுன் என்ன செய்யவேண்டும்? வரைபடத்தில் திடலைக் குறித்துக்கொள்வது தொடக்கமே. நோட்டாம் எனப்படும் வானோடியர் அறிவிப்புகளைப் படித்து, அன்று போட்டியோ முகாமோ உண்டா என அறியவேண்டும். பின்னர் வானிலையைப் பார்க்கவேண்டும். அதுவும் சறுக்கு வானோடியின் கண்கொண்டு பார்க்கவேண்டும். பொறி வானோடிக்கு நல்ல நாள் எது? தெளிந்த வானம், சிதறிய திரள்முகில், மென்காற்று. சறுக்கு வானோடிக்கும் அதே நாள்தான் நல்ல நாள். இருவரும் ஒரே நாளில், ஒரே பிற்பகலில் வானேறுவர். காலை 9 மணிக்குமுன் எழுகாற்று வலுப்பெறாது. அவ்வேளையில் அத்திசையைக் கடந்துவிடுவது எளிய தீர்வு. பிற்பகலில்தான் செல்லவேண்டுமெனில், முகிலடியின் உயரத்தைக் கணக்கிட்டு, அதற்குக் கீழேயுள்ள சில நூறு மீட்டரைத் தவிர்க்கவேண்டும். ஏனெனில் எழுகாற்றின் உச்சியில், முகிலின் தட்டையான அடிக்குக் கீழேதான் சறுக்கு ஊர்திகள் குழுமும். காற்றின் போக்கில் முகில்கள் வரிசையாக நின்றால் அவ்வரிசையே அவற்றின் நெடுஞ்சாலை. அதை நீளவாக்கில் தொடர்ந்து செல்லாமல் குறுக்காக வெட்டிக் கடப்பவர், இடர்மிக்க காற்றில் கழிக்கும் நேரம் மிகக் குறைவு.

பயண உயரத்தைத் திசைக்கேற்ப ஆயிரம் அடிகளாகப் பிரித்து ஒதுக்கும் முறை பொறி வானூர்திகளை ஒன்றிலிருந்து ஒன்று காக்கிறது. சறுக்கு ஊர்தியிடம் அம்முறை செல்லாது. அது எல்லா உயரத்தையும் ஏறியும் இறங்கியும் கடந்துகொண்டே இருக்கும். இந்த ஒன்றைப் பல பயிற்சி நூல்கள் அழுத்திச் சொல்வதில்லை.

இனித் திருப்பெரும்புதூர் வானுக்கு வருவோம். இங்கே சறுக்குத் திடல் இல்லை, இருக்கவும் முடியாது. சென்னை மீனம்பாக்கம் வானூர்தி நிலையத்தின் முதன்மை ஓடுபாதையை மேற்கு–தென்மேற்காக நீட்டிக் கோடிட்டால், 25 கிலோமீட்டர் தொலைவில் அக்கோடு திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே செல்லும். கிழக்கு நோக்கி இறங்கும் பயணியர் வானூர்திகள் அவ்விடத்தில் 900 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கும். முன்சொன்ன கணக்கின்படி நம் கோடைக்கால எழுகாற்றின் மேற்பகுதியும் அதே உயரம். கிழக்கே தாம்பரத்தில் விமானப்படைத் தளம்; 1954 முதல் பறத்தல் பயிற்றாசிரியர் பள்ளி அங்கே இயங்குகிறது. மனிதர் ஏறிய சறுக்கு ஊர்திக்கு இவ்வானில் இடமில்லை. ஆனால் இறகுடைய சறுக்கு ஊர்திகள் இங்கே ஏராளம். கூழைக்கடா பல கிலோ எடையுள்ள பறவை. அது நோட்டாம் படிப்பதில்லை, வானலையில் பேசுவதில்லை. எழுகாற்று எங்கே எழும் என்பதைக் கணிக்கக் கற்றவரே அப்பறவைக் கூட்டம் எங்கே வட்டமிடும் என்பதையும் கணிப்பார்.

அக்கணிப்புக்குக் கடற்காற்றை அறிந்தாகவேண்டும். கோடையில் காலையில் மேற்கிலிருந்து வெப்பக் காற்று வீசும். ஊர்திகள் மேற்கு நோக்கி எழுந்து மேற்கு நோக்கியே இறங்கும். நண்பகலையொட்டி வங்கக் கடலிலிருந்து குளிர்காற்று உட்புகும். மீனம்பாக்கத்தில் காற்றின் திசை மாறியதும் ஓடுபாதையின் பயன்பாடும் மாறுகிறது. ஊர்திகள் மேற்கிலிருந்து, அதாவது இத்தொழிற்பேட்டைகளின் மேல்வழியே வந்து இறங்கத் தொடங்குகின்றன. அதே வேளையில் கடற்காற்றின் முகப்பு உள்நாட்டை நோக்கி நகர்கிறது. குளிர்ந்த காற்று ஆப்புப் போல் கீழே நுழைய, வெப்பக் காற்று அதன்மேல் தள்ளப்பட்டு நெடிய கோடாக எழுகிறது. 2002 முதல் சென்னையில் இயங்கும் டாப்ளர் ராடாரில் இம்முகப்பு மெல்லிய கோடாகக் கரையிலிருந்து மேற்கே நகர்வதைக் காணலாம். கோட்டுக்குக் கிழக்கே எழுகாற்று அடங்கிவிடும். கோட்டின்மேல் அது வலுத்துப் பூச்சிகளை மேலேற்ற, அவற்றைத் தேடித் தகைவிலான்களும் உழவாரக் குருவிகளும் திரளும். பருந்துகள் அதே எழுகாற்றில் மிதந்து உயரும். சில நாட்களில் மாலையில் இக்கோட்டின்மேலேயே இடிமுகில் வளர்ந்து சுங்குவார்சத்திரத்திலும் திருப்பெரும்புதூரிலும் மழை கொட்டுகிறது. ஊர்திகளின் வழியும் பறவைகளின் எழுச்சியும் ஒரே பிற்பகலில் ஒரே இடத்தில் கூடுவதற்குக் காரணம் இவ்வொரே காற்று.

திருப்பெரும்புதூருக்கு மேற்கே பரந்தூரில் சென்னையின் இரண்டாம் வானூர்தி நிலையம் அமையும் என 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. ஏரியும் வயலும் ஊரும் சூழ்ந்த அவ்விடத்தைக் காக்க அங்குள்ள ஏகனாபுரம் ஊர் மக்கள் தொடர்ந்து போராடி வருகின்றனர். அவர்கள் கூறும் நீர்நிலைக் கேள்வி வான்பாதுகாப்புக் கேள்வியும் ஆகும். ஏரிகளின் குளிர்பரப்பும் அவற்றைச் சூழ்ந்த வெந்நிலமும் அடுத்தடுத்து இருக்குமிடத்தில் எழுகாற்று வலுக்கும்; நீர்ப்பறவைகள் அதில் ஏறும். ஓடுபாதையின் திசையை முடிவுசெய்வோர் இதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

சறுக்குத் திடலுக்குத் தமிழ்நாட்டில் இடமே இல்லையா? உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு ஆகிய இடங்களில் இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளங்கள் சென்னையின் நெரிசலான வானுக்கு வெகுதொலைவில் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றிலேனும் இழுவைப் பொறியொன்றும் இருவர் ஊர்தி இரண்டும் வைத்துப் பயிற்சி தொடங்கினால், ஒரகடத்தில் வானூர்தி உறுப்புகளைச் செய்யப்போகும் இளைஞர் அவ்வுறுப்பு எத்தகைய காற்றில் இயங்கும் என்பதைத் தம் உடலாலேயே அறிவார். தொடங்குவோர் முதலில் செய்யவேண்டிய பணி, வான்வழிப் படத்தில் அத்திடலைச் சுற்றி ஒரு வட்டம் வரைவித்து, வடம் எட்டும் உயரம், பறக்கும் கிழமைகள், பறக்கும் நேரம், அழைக்கவேண்டிய வானலை எண் ஆகிய நான்கையும் அதனருகே அச்சிடச் செய்வது. முதல் ஊர்தி மேலெழுவதற்கு முன்பே அப்படம் அவ்வழிச் செல்லும் ஒவ்வொரு பொறி வானோடியின் கையிலும் இருக்கவேண்டும்.